பழைய விண்டோஸில் புதிய கேம் ஏன் ஓடுவதில்லை?

விண்டோஸ் 7 உள்ள லேப்டாப்பில் அண்மையில் வந்த ஒரு கேமை ஏற்றி அதன் மேல் இரண்டு முறை சொடுக்கினால், பெரும்பாலும் கேமுக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டிதான் திரையில் வந்து நிற்கும். இன்ன பெயருள்ள ஃபங்ஷன் கெர்னல்32 என்ற கோப்பில் இல்லை என்று அதில் எழுதியிருக்கும். அல்லது, இது முறையான வின்32 அப்ளிகேஷன் அல்ல என்று இருக்கும். ரேம் போதாது, கிராபிக்ஸ் கார்டு பழையது என்ற பேச்சே அங்கு வராது. கேம் திறந்து, திக்கித் திணறி ஓடினால் அது கணினியின் வலுக்குறைவு. வாசற்படியிலேயே நின்றுவிட்டால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. கேம் கேட்கும் ஏதோ ஒன்றை அந்த இயங்குதளத்தால் கொடுக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பெட்டியைப் பார்க்கக்கூடிய கணினிகள் ஏராளம். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் வழியாக 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. செங்கல்பட்டு அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில். மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், திருப்போரூர் வட்டாரங்களில் பல வீடுகளுக்கு முதலில் வந்த கணினி அந்தப் பன்னிரண்டாம் வகுப்பு லேப்டாப்தான். முதல் கட்டத்தில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7, கூடவே பாஸ் லினக்ஸ் என்ற மற்றோர் இயங்குதளம் இருந்தன. பள்ளிப் பாடமும் படமும் பாட்டும் போக, அவற்றில் கேமும் ஓடியது. அந்த விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது.

இயங்குதளம் என்பது கேமுக்கும் கணினிக்கும் நடுவில் நிற்கும் பணியாள். திரையில் ஒரு ஜன்னலைத் திற, இந்தக் கோப்பைப் படி, மவுஸ் எங்கே இருக்கிறது சொல், இப்போது மணி என்ன என்று கேம் ஒவ்வொரு நொடியும் பல நூறு வேலைகளை அதனிடம் ஏவுகிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் உண்டு. ஒரு நிரலைத் திறந்ததும் விண்டோஸ் முதலில் செய்வது, அந்த நிரல் கேட்கும் பெயர்களின் பட்டியலைத் தன் பட்டியலோடு ஒப்பிடுவது. ஒரே ஒரு பெயர் இல்லாவிட்டாலும் நிரல் தொடங்காது. அந்தப் பெயருக்குரிய வேலை கேமின் கடைசிக் கட்டத்தில் ஒரு முறை மட்டுமே தேவைப்படுவதாக இருக்கலாம். அதனால் சலுகை எதுவும் இல்லை.

மணி கேட்கும் வேலையையே எடுத்துக்கொள்ளலாம். கணினி தொடங்கி எத்தனை மில்லி நொடி ஆயிற்று என்று சொல்ல, விண்டோஸில் நெடுங்காலமாக ஒரு ஃபங்ஷன் உண்டு. அதன் விடை 32 பிட் எண். 32 பிட்டில் அடங்கும் எண்கள் மொத்தம் 429,49,67,296. அத்தனை மில்லி நொடி என்பது 49.7 நாள். அதற்கு மேல் கணினியை அணைக்காமல் வைத்திருந்தால், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் எல்லா ஒன்பதும் தாண்டிச் சுழியத்துக்கு வருவதுபோல் இதுவும் சுழியத்துக்கு வந்துவிடும். சர்வர்களில் இதனால் பிழைகள் நேர்ந்தன. ஆகவே விண்டோஸ் விஸ்டாவில் இதே வேலைக்கு 64 பிட் எண் தரும் புதிய ஃபங்ஷன் சேர்க்கப்பட்டது. நல்ல திருத்தம், எந்த நிரலாளரும் இனிப் புதியதைத்தான் பயன்படுத்துவார். ஆனால் அதைப் பயன்படுத்திய அந்தக் கணமே அந்த நிரல் விஸ்டாவுக்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடாததாகிவிடுகிறது. விண்டோஸ் 8 வந்தபோது, மணியை இன்னும் நுண்மையாகச் சொல்லும் வேறொரு ஃபங்ஷன் வந்தது. லைப்ரரி எனப்படும் இன்றைய ஆயத்த நிரல் தொகுப்புகள் பலவும் அதை அழைக்கின்றன. விண்டோஸ் 7-இல் அது கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது, கேமை எழுதியவர் அந்தப் பெயரைத் தம் கையால் எழுதியிருக்கவே மாட்டார் என்பது. கேமின் பெரும்பகுதி ஆயத்தப் பொருள்களால் ஆனது. ஒலிக்கு ஒரு லைப்ரரி, இணைய இணைப்புக்கு ஒன்று, பொருள்கள் மோதி விழுவதைக் கணக்கிட ஒன்று, எல்லாவற்றையும் கோத்துத் தர ஒரு கேம் எஞ்சின், கடைசியில் புராசஸருக்குப் புரியும் மொழிக்கு மாற்ற ஒரு கம்பைலர். இவற்றில் ஒவ்வொன்றையும் வெவ்வேறு குழு உலகின் ஏதோ ஒரு மூலையில் பராமரிக்கிறது. 2020 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் நிரல்மொழியின் 3.9 பதிப்பு விண்டோஸ் 7-ஐ விட்டது. 2023 ஆகஸ்டில் கோ மொழியின் 1.21 பதிப்பும் விட்டது. அடியில் ஒருவர் விட்டால் அவர் மேல் நிற்பவர் எல்லாரும் விட வேண்டியதுதான். பழைய இயங்குதளத்தைக் கேம் நிறுவனம் கைவிட்டது என்ற செய்தி வரும்போது, பெரும்பாலும் அது வரிசையில் கடைசியாக நிற்பவரின் அறிவிப்பாகவே இருக்கிறது.

ஸ்டீம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கணினி கேம்களை விற்று, இறக்கித் தந்து, புதுப்பிக்கும் பெரிய கடை அது. 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் அது ஆதரவை நிறுத்தியது. அதன் உரிமையாளரான வால்வ் சொன்ன முதன்மைக் காரணம் கேம்களைப் பற்றியதே அல்ல. ஸ்டீமின் கடைப் பக்கங்களைத் திரையில் காட்டுவது அதனுள் பொதிந்த கூகுள் குரோம் பிரவுசர். குரோமின் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-இன் கணக்கு 2023 தொடக்கத்தில் முடிந்துவிட்டது. புதிய குரோம் இல்லாவிட்டால் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க முடியாது. பணம் புழங்கும் கடையை ஓட்டை பிரவுசரில் நடத்த முடியாது. இதில் பெரிய நியாயம் இருக்கிறது. ஆனாலும் 2012-இல் காசு கொடுத்து, விண்டோஸ் 7-க்கென்றே செய்த கேமை வாங்கியவருக்கு, கேமில் ஒரு குறையும் இல்லாமல் அதன் கதவு மட்டும் பூட்டப்படுவது உண்மையான இழப்பு. எந்த வணிகக் காரணமும் அந்த இழப்பை இல்லாததாக்கிவிடாது.

கேம் என்றதும் துப்பாக்கிச் சண்டையும் கார் பந்தயமும் நினைவுக்கு வருவதால், கிராபிக்ஸின் பசிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று தோன்றும். அந்த எண்ணத்தைச் சோதிக்கச் சதுரங்கத்தை விடப் பொருத்தமான ஆட்டம் இல்லை. 64 கட்டம், 32 காய். விதிகள் பல நூற்றாண்டுகளாக ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நடந்தது. இந்தியாவில் அப்போட்டி நடந்தது அதுவே முதல் முறை. முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்ற இந்திய வீரர் குகேஷ் முதல் பலகைக்கான தங்கத்தைப் பெற்றார். ஆட்டங்கள் இணையத்தில் நேரலையாகப் போயின. பார்த்தவர்கள் திரையில் பலகைக்குப் பக்கத்தில் கறுப்பு வெள்ளையாக ஏறி இறங்கும் ஒரு பட்டையையும் பார்த்தார்கள். யார் கை ஓங்கியிருக்கிறது என்று அதில் காட்டுவது செஸ் எஞ்சின் எனப்படும் நிரல். அவற்றுள் மிகப் புகழ்பெற்றது ஸ்டாக்ஃபிஷ். இலவசம், மூல நிரலும் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. படமே வரையாத இந்த நிரலின் புதிய பதிப்பும் பழைய கணினியில் அப்படியே ஓடிவிடுவதில்லை.

காரணம் அழகானது. செஸ் எஞ்சின் பலகையைப் பலகையாக வைத்திருப்பதில்லை, எண்ணாக வைத்திருக்கிறது. வெள்ளைச் சிப்பாய் நிற்கும் கட்டத்துக்கு 1, மற்றக் கட்டங்களுக்கு 0 என்று வரிசையாக எழுதினால் 64 இலக்கமுள்ள ஓர் இரும எண் கிடைக்கும். ஆட்டத் தொடக்கத்தில் அதில் எட்டு ஒன்றுகள் அடுத்தடுத்து நிற்கும். எல்லாச் சிப்பாயும் ஒரு கட்டம் முன்னேறினால் எங்கெங்கே நிற்கும் என்று அறிய, அந்த எண்ணை எட்டு இடம் நகர்த்தினால் போதும். குதிரைக்கு ஓர் எண், யானைக்கு ஓர் எண் என்று இப்படி ஒரு டஜன் எண்களில் முழுப் பலகையும் அடங்கிவிடும். 64 பிட் புராசஸரில் ஓர் எண், கணக்குப் போடும் இடமான ரெஜிஸ்டர் ஒன்றிலேயே உட்கார்ந்துகொள்ளும். நகர்த்தல் ஒரே கட்டளை. 32 பிட் விண்டோஸில் அதே எண்ணை இரண்டாக வெட்டி, பாதிப் பலகையை ஒரு கையிலும் மறுபாதியை மறு கையிலும் வைத்துக்கொண்டு, நடுக்கோட்டைத் தாண்டும் காய்களைத் தனியாகக் கவனித்துக் கணக்குப் போட வேண்டும்.

பலகையில் எத்தனை காய் இருக்கிறது என்று அறிய அந்த எண்ணில் எத்தனை ஒன்றுகள் உள்ளன என்று எண்ண வேண்டும். இதற்கென்றே பாப்கவுண்ட் என்ற கட்டளை 2007, 2008 வாக்கில் ஏஎம்டி, இன்டெல் புராசஸர்களில் வந்தது. இன்று இயங்குதளமே அதை எதிர்பார்க்கிறது: 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, இந்தக் கட்டளை தெரியாத புராசஸரில் தொடங்கவே தொடங்காது.

2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 முதல், நிலையை எடைபோடும் வேலை நியூரல் நெட்வொர்க்குக்குப் போயிற்று. மனிதர்கள் யோசித்து எழுதிய பழைய மதிப்பீட்டு முறை 2023-இல் நிரலிலிருந்து முற்றாக நீக்கப்பட்டது. நெட்வொர்க் என்பது கொத்துக் கொத்தாகப் பெருக்கலும் கூட்டலும்தான். ஒரே கட்டளையில் பல எண்களை ஒன்றாகப் பெருக்க ஏவிஎக்ஸ் எனும் அகன்ற ரெஜிஸ்டர்கள் உதவுகின்றன. ஒவ்வொன்றும் 256 பிட் அகலம். இங்கேதான் இயங்குதளம் நேரடியாக நுழைகிறது.

புராசஸர் ஒரே சமயத்தில் பல நிரல்களை மாற்றி மாற்றி ஓட்டுகிறது. ஒன்றை நிறுத்தி மற்றொன்றை எடுக்கும்போது, முதல் நிரலின் ரெஜிஸ்டர்களில் உள்ளதை எல்லாம் இயங்குதளம் எடுத்துப் பத்திரப்படுத்தி, அதன் முறை வரும்போது திரும்ப வைக்க வேண்டும். முடியாத சதுரங்க ஆட்டத்தை இரவோடு நிறுத்தி, காய்களின் நிலையை எழுதி உறையிலிட்டு, மறுநாள் அப்படியே அடுக்கித் தொடர்வது முன்பு வழக்கமாக இருந்தது. அதே வேலைதான் இது. எக்ஸ்பிக்கு 128 பிட் ரெஜிஸ்டர் வரைதான் தெரியும். 256 பிட் ரெஜிஸ்டர் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாததால், பாதிக் காய்களை மட்டும் எழுதி வைத்துவிட்டு மீதியைக் கலைத்துவிடும் நிலை வரும். அந்த ஆபத்து நேராமல் இருக்க, இயங்குதளம் சம்மதம் சொன்னால்தான் ஏவிஎக்ஸ் வேலை செய்யும் என்று புராசஸரிலேயே ஏற்பாடு உண்டு. விண்டோஸில் அந்தச் சம்மதம் 2011-இல் வந்த விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1 முதல் கிடைக்கிறது. புராசஸர் எவ்வளவு புதியதாக இருந்தாலும், அதற்கு முந்தைய விண்டோஸை ஏற்றினால் அந்த வலு பூட்டிய அறைக்குள் கிடக்கும்.

32 பிட்டுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. நினைவகத்தில் அதனால் முகவரி இட முடிந்தது 4 ஜிபி வரைதான். விண்டோஸில் ஒரு நிரலுக்கு வழக்கமாகக் கிடைப்பது அதில் பாதி. பெரிய ஊர், காடு, கடல் எல்லாம் உள்ள இன்றைய கேம்களுக்கு அது ஒரு மூலைக்கும் காணாது. ஆப்பிள் 2017-இல் ஐஓஎஸ் 11-லும், 2019-இல் மேக்ஓஎஸ் கேட்டலினாவிலும் 32 பிட் நிரல்களை ஒரேயடியாக நிறுத்தியது. பழைய கேம்கள் பல அன்றோடு போயின.

கிராபிக்ஸின் பங்கைப் பேசாமல் இருக்க முடியாது. விண்டோஸ் கேம்கள் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டோடு டைரக்ட்எக்ஸ் என்ற பொது மொழியில் பேசுகின்றன. அதன் 9-ஆம் பதிப்பு எக்ஸ்பியில் ஓடியது. 10-ஆம் பதிப்பு விஸ்டாவோடு மட்டும் வந்தது. கார்டை இயக்கும் டிரைவர் நிரலை எழுதும் முறையையே விஸ்டா மாற்றிவிட்டதால், அதை எக்ஸ்பிக்குக் கொண்டுபோவது எளிதாக இருக்கவில்லை. 2015-இல் விண்டோஸ் 10-உடன் வந்த 12-ஆம் பதிப்பு, கார்டின் நினைவகத்தையும் வேலைப் பங்கீட்டையும் கேமின் கையிலேயே கொடுத்தது. கேம் எழுதுவோர் பலர் விரும்பிக் கேட்ட உரிமை அது. கார்டு செய்பவர்களும் பழையதை விட்டார்கள்: என்விடியாவும் ஏஎம்டியும் 2021-இல் விண்டோஸ் 7-க்குப் புதிய கேம் டிரைவர்கள் தருவதை நிறுத்தின.

எல்லா மறுப்பும் தொழில்நுட்பக் கட்டாயம் என்று நம்பிவிடக் கூடாது. 2007-இல் கணினிக்கு வந்த ஹேலோ 2 விஸ்டாவில் மட்டும் ஓடும் என்று மைக்ரோசாஃப்ட் விற்றது. ஆர்வலர்கள் அதை மாற்றியமைத்து எக்ஸ்பியில் ஓட்டிக் காட்டினார்கள். டைரக்ட்எக்ஸ் 12 விண்டோஸ் 10-க்கு மட்டும் என்று இருந்த நிலையில், 2019-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமுக்காக அதையே விண்டோஸ் 7-இல் ஓடும்படி மைக்ரோசாஃப்ட் செய்து கொடுத்தது. ஆட்கள் நிறைய விளையாடும் கேம், செய்ய முடிந்தது. முடியும் என்பதற்கும் செய்வார்கள் என்பதற்கும் நடுவில் இருப்பது செலவு.

அந்தச் செலவு எப்படிப்பட்டது என்பதைச் செங்கல்பட்டு சந்திப்பைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். கொளவாய் ஏரிக்கரையில் உள்ள அந்த நிலையத்தின் வழியே விழுப்புரம் போகும் பாதை முன்பு மீட்டர் கேஜ். தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். அகலப் பாதையில் அது 1,676 மில்லிமீட்டர். மாற்றம் நடந்த ஆண்டுகளில் இரண்டு அகலமும் ஒரே தடத்தில் வாழ வேண்டியிருந்தது. மீட்டர் கேஜுக்குத் தனி இன்ஜின், தனிப் பெட்டி, தனிப் பணிமனை, தனி உதிரி பாகம், அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆள். பயணிகள் பாதியானாலும் இந்தச் செலவு பாதியாவதில்லை. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் ஓடிய மீட்டர் கேஜ் மின்தொடர் 2004-இல் நின்றது.

கேம் நிறுவனத்தின் பணிமனை சோதனைக்கூடம். விண்டோஸ் 7, 8.1, 10, 11 என நான்கு இயங்குதளம். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் என மூன்று வகைக் கார்டு. ஒவ்வொன்றிலும் மூன்று தலைமுறை. பெருக்கினால் 36 கணினி. ஒவ்வொரு திருத்தம் வரும்போதும் 36-லும் ஓட்டிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 7-இல் மட்டும் ஒரு பிழை வந்தால், மைக்ரோசாஃப்டிடமும் கேட்க முடியாது, டிரைவர் எழுதியவரிடமும் கேட்க முடியாது, அவர்கள் போய்விட்டார்கள். 2023 இறுதியில் ஸ்டீம் பயன்படுத்தியவர்களில் விண்டோஸ் 7, 8 வைத்திருந்தவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். அந்த ஒருவருக்காகப் பாதிச் சோதனையை நடத்த எந்த நிறுவனமும் நெடுநாள் முன்வராது.

இணையத்தில் ஆடும் கேம்களுக்குப் பாதுகாப்பும் ஒரு காரணம். ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் நிரல்கள் இயங்குதளத்தின் அடி ஆழம் வரை இறங்கிக் காவல் இருக்கின்றன. வேலோரன்ட் கேம் விண்டோஸ் 11-இல் டிபிஎம் சிப், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கட்டாயமாகக் கேட்கிறது. ஓட்டை அடைக்கப்படாத இயங்குதளத்தில் அப்படி ஒரு காவல் நிற்பதில் பயன் இல்லை.

அரசு அலுவலகங்களும் இதே சிக்கலைச் சந்தித்தன. 2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பிக்கு ஆதரவு முடியவிருந்த வேளையில், தமிழ்நாடு அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி கேட்டுக்கொண்டது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ், டெபியன் லினக்ஸை அடியாகக் கொண்டது. லினக்ஸிலும் விடுதல் உண்டு என்றாலும் அது பொதுவெளியில் நடக்கும் விவாதம். 2019 ஜூனில் உபுண்டு லினக்ஸ் 32 பிட் லைப்ரரிகளைக் கைவிடப்போவதாக அறிவித்தபோது, பழைய கேம்கள் ஓடாமல் போகும் என்று வால்வ் எதிர்த்தது. சில நாளிலேயே அந்த முடிவு மாற்றப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வால்வ் வெளியிட்ட புரோட்டான், விண்டோஸ் கேம் கேட்கும் பெயர்களுக்கெல்லாம் லினக்ஸில் நின்று பதில் சொல்லும் மொழிபெயர்ப்பாளர்.

2012-ஆம் ஆண்டின் விலையில்லா லேப்டாப் வீட்டில் இன்னும் உயிரோடு இருந்தால், அதில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. அக்காலத்து டூயல் கோர் புராசஸர்கள் பெரும்பாலும் 64 பிட்டைத் தாங்கக்கூடியவை. 2 ஜிபி ரேமுக்கு ஏற்ப 32 பிட் விண்டோஸ் ஏற்றப்பட்டிருக்கலாம், அவ்வளவுதான். கனமில்லாத 64 பிட் லினக்ஸ் ஒன்றை ஏற்றினால் அந்த 32 பிட் பூட்டு திறக்கும். உண்மையிலேயே 32 பிட் மட்டும் என்றால் டெபியன் 12 இருக்கிறது. அதற்கு நீண்ட கால ஆதரவு 2028 ஜூன் வரை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ அத்தகைய கணினியில் நிறுவ முடியாது. விலை குறைந்த பென்டியம், செலரான் ரகங்களில் ஏவிஎக்ஸ் நெடுங்காலம் இருக்கவில்லை. அதனால் ஸ்டாக்ஃபிஷை இறக்கும்போது அதிவேகப் பதிப்பை விட்டுப் பழைய புராசஸருக்கான பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அல்லது மூல நிரலை எடுத்து அந்த லேப்டாப்பிலேயே கம்பைல் செய்துகொள்ளலாம். யோசிக்க நேரம் அதிகம் எடுக்கும். ஆனால் எந்த மனிதரையும் வெல்லும் அளவுக்கு ஆடும்.

பூஞ்சேரியில் ஆடப்பட்ட ஆட்டங்களோ பிஜிஎன் என்ற வடிவத்தில் கிடைக்கின்றன. 1990-களில் வகுக்கப்பட்ட அந்த வடிவம் வெறும் எழுத்தும் எண்ணும்தான். எக்ஸ்பியின் நோட்பேடிலும் அது திறக்கும்.